அமெரிக்காவில் ‘அடிப்படை உரிமை’ எங்கே எழுதியிருக்கிறது?

“1791லேயே உரிமைப் பட்டியலை எழுதி முடித்துவிட்ட நாடு அமெரிக்கா. அப்புறம் எப்படி 2015இல் ஓர் உரிமை (ஒரே பாலினத்தவர் கல்யாணம்) புதிதாக முளைக்கிறது, 2022இல் இன்னொன்று (கருக்கலைப்பு) காணாமல் போகிறது? அடிப்படை உரிமை என்றால் அசைக்க முடியாதது இல்லையா?” இதுதான் கேள்வி. கேள்விக்குள்ளேயே ஓர் இடறல் இருக்கிறது. அதைச் சரிசெய்தால் பாதி பதில் வந்துவிடும்.

அடிப்படை உரிமை என்றதும் நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடத்துக் குடிமையியல் பாடம்தான் ஞாபகம் வரும். இந்திய அரசியலமைப்பின் மூன்றாம் பகுதிக்குத் தலைப்பே அதுதான். எந்த உரிமை எந்தப் பிரிவில் என்று விரல் வைத்துக் காட்டலாம். அமெரிக்க அரசியலமைப்பில் அப்படி ஒரு தலைப்பு கிடையாது, ‘அடிப்படை உரிமை’ என்ற சொல்லே அதில் இல்லை. அது நீதிபதிகள் குத்தும் முத்திரை. ஓர் உரிமைமேல் அந்த முத்திரை விழுந்துவிட்டால், அதில் கைவைக்கும் சட்டத்தை நியாயப்படுத்துகிற சுமை அரசின் தலையில் ஏறும். தட்ட முடியாத அளவுக்கு வலுவான காரணம் வேண்டும், அந்தக் காரணத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டமாகவும் இருக்க வேண்டும். முத்திரை விழாவிட்டால், ஏதோ ஏற்கத்தக்க ஒரு காரணம் சொன்னாலே பெரும்பாலும் சட்டம் பிழைத்துக்கொள்ளும். ஆகவே சண்டை முழுக்க முத்திரைக்குத்தான்.

சரி, 1791இல் எழுதியது என்ன ஆயிற்று?

1787இல் பிலடெல்பியாவில் அரசியலமைப்பை எழுதியபோது உரிமைப் பட்டியல் அதில் இல்லை. பல மாநிலங்கள் முனகிக்கொண்டேதான் ஒப்புதல் கொடுத்தன. அந்த முனகலை அடக்க ஜேம்ஸ் மேடிசன் திருத்தங்களைக் கொண்டுவந்தார். மாநிலங்களின் ஒப்புதலுக்குப் போனவை 12, தேறியவை 10. (மிச்சம் இரண்டில் ஒன்று, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர்களின் சம்பளம் பற்றியது, இருநூறு வருஷம் தூங்கிவிட்டு 1992இல் 27ஆவது திருத்தமாக எழுந்து வந்தது.) அன்றைய பயம் புதிதாக உருவான மத்திய அரசின் மீதுதான். முதல் திருத்தம் தொடங்குவதே ‘காங்கிரஸ்’ என்ற சொல்லில். காங்கிரஸ் வாயை அடைக்கக் கூடாது. மாநில அரசு அடைத்தால்? அது உங்களுக்கும் உங்கள் மாநிலத்துக்கும் உள்ள வழக்கு.

இதை ஜான் பாரன் பட்டுத் தெரிந்துகொண்டார். பால்டிமோர் துறைமுகத்தில் ஆழமான இடத்தில் படகுத்துறை வைத்திருந்தவர். மாநகராட்சி சாலை வேலைக்காக ஓடைகளைத் திருப்பிவிட, மணலும் சேறும் வந்து படிந்து, கப்பல் ஒதுங்க முடியாதபடி துறை மேடிட்டுப்போனது. கீழ் நீதிமன்றத்தில் 4,500 டாலர் இழப்பீடு கிடைத்தது, மேல்முறையீட்டில் அதுவும் போனது. ‘இழப்பீடு தராமல் தனியார் சொத்தை எடுக்கக் கூடாது’ என்று ஐந்தாம் திருத்தம் சொல்கிறதே என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1833இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் சொன்ன பதில்: அந்தத் திருத்தம் மத்திய அரசுக்கு மட்டும்தான், பால்டிமோருக்கு இல்லை. போலீஸ், சிறை, கல்யாணம், பள்ளிக்கூடம், சொத்து எல்லாமே மாநிலத்தின் கையில் இருந்த காலம் அது. அடிமை முறையையும் மாநிலச் சட்டங்கள்தான் தாங்கிப் பிடித்தன. இந்த நிலையில் உரிமைப் பட்டியல் பெரும்பாலானவர்களுக்கு ஏட்டுச் சுரைக்காய்தான்.

உள்நாட்டுப் போர் முடிந்து, 1868இல் 14ஆவது திருத்தம் வந்தது. இன்றைக்கு நாம் பேசுகிற அமெரிக்க உரிமைகளில் பெரும்பகுதி இந்தத் திருத்தத்தின் ஒரே ஒரு வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. மாநிலங்களுக்கு அது மூன்று தடை போட்டது: குடிமக்களின் சிறப்புரிமைகளையும் விலக்குரிமைகளையும் குறைக்கக் கூடாது, உரிய சட்ட நடைமுறை இல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக் கூடாது, யாருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாது. உரிமைகளுக்கான முன்வாசல் முதல் தடைதான் என்பது பல அறிஞர்களின் கருத்து, என் கருத்தும் அதுவே. ‘குடிமகனின் சிறப்புரிமைகள்’ என்றால் அதில் உரிமைகளை வைக்க இடம் இருக்கிறது. இரண்டாவது தடை, படித்துப் பார்த்தால், நடைமுறையைப் பற்றியது.

முன்வாசல் ஐந்தே வருஷத்தில் பூட்டப்பட்டது. அதைப் பூட்டியது ஓர் ஆட்டுத்தொட்டி வழக்கு என்பதுதான் விசித்திரம்.

நியூ ஆர்லியன்ஸில் மாடு வெட்டுகிறவர்கள் கழிவை மிசிசிப்பி ஆற்றில் தள்ளிக்கொண்டிருந்தார்கள், நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்புறத்திலேயே. 1869இல் லூசியானா அரசு ஒரு சட்டம் போட்டு, இனி ஒரே ஒரு கம்பெனியின் தொட்டியில்தான் வெட்டலாம், மற்றவர்கள் கட்டணம் கட்டி அங்கே வந்து வெட்டிக்கொள்ளுங்கள் என்றது. கம்பெனிக்கு 25 வருஷ ஏகபோகம். கசாப்புக்காரர்கள் கொதித்துப்போய், ‘தொழில் செய்வது எங்கள் சிறப்புரிமை’ என்று புதுத் திருத்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்காக வாதாடியவர் ஜான் கேம்ப்பெல். போருக்கு முன் இதே உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து, பதவியை விட்டுவிட்டுத் தெற்கு மாநிலங்கள் பக்கம் போனவர். விடுதலையான கறுப்பின மக்களுக்காக எழுதிய திருத்தத்தை முதன்முதலாக உச்ச நீதிமன்றத்தில் எடுத்து வீசியது இந்த அணி.

1873 ஏப்ரல் 14 அன்று, 5க்கு 4 என்ற கணக்கில் கசாப்புக்காரர்கள் தோற்றார்கள். தோற்றது பரவாயில்லை, தோற்கடித்த விதம்தான் விபரீதம். நீதிபதி சாமுவேல் மில்லர் ‘சிறப்புரிமைகள்’ என்ற சொல்லையே ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார். மத்தியக் குடியுரிமையால் கிடைக்கும் சில உரிமைகள் மட்டும்தான் அதில் சேருமாம்: துறைமுகங்களுக்குப் போய்வருவது, நடுக்கடலில் அரசின் பாதுகாப்பைக் கேட்பது, இப்படி. ஜார்ஜியாவில் நிலமும் வாக்கும் கேட்டு நின்ற ஒரு விடுதலை பெற்ற அடிமைக்கு நடுக்கடல் பாதுகாப்பு எதற்கு?

மறுநாளே இன்னொரு தீர்ப்பு. மைரா பிராட்வெல் என்ற பெண்ணுக்கு வழக்கறிஞர் உரிமம் தர மறுத்த இல்லினாய் சரிதான் என்றது நீதிமன்றம். இங்கே நீதிபதி ஜோசப் பிராட்லியைக் கவனியுங்கள். முதல் நாள், ‘விரும்பிய தொழில் செய்வது மனிதனின் உரிமை’ என்று கசாப்புக்காரர்கள் பக்கம் நின்று மறுப்புத் தீர்ப்பு எழுதியவர். மறுநாள், பெண்ணுக்கு விதிக்கப்பட்டது மனைவி, தாய் என்ற இடம்தான் என்று தனியாக எழுதிவைத்தார். எந்த உரிமை அடிப்படையானது என்பது யாருக்கு என்பதையும் பொறுத்தது என்று காட்ட, சட்ட மாணவர்களுக்கு நான் இந்த இரண்டு நாட்களைத்தான் எப்போதும் சொல்வேன்.

முன்வாசல் பூட்டிய வீட்டில் உரிமைகள் கொல்லைப்புறமாக வரத் தொடங்கின. ‘உரிய சட்ட நடைமுறை’ என்ற சொற்றொடரில் உள்ள ‘சுதந்திரம்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் அந்த வழியாக நுழைந்தது ஏழை அல்ல, முதலாளி. நியூயார்க் மாநிலம் பேக்கரித் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. அதை மீறித் தண்டனை பெற்ற ஜோசப் லாக்னர் என்ற பேக்கரி முதலாளி மேல்முறையீடு செய்ய, ‘ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரம்’ பறிபோகிறது என்று 1905இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை அடித்தது. அந்தச் சுதந்திரமும் எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்பதை மறக்க வேண்டாம். அடுத்த முப்பது வருஷத்தில் தொழிலாளர் சட்டங்கள் பல இதே கத்தியால் வெட்டுப்பட்டன.

ஆனால் அதே காலத்தில், அதே நீதிபதிகளிடமிருந்து, இன்னொரு விதையும் விழுந்தது. முதல் உலகப் போர் முடிந்து ஜெர்மன் என்றாலே வெறுப்பு. நெப்ராஸ்கா 1919இல் சட்டம் போட்டது: எட்டாம் வகுப்புத் தேறாத பிள்ளைக்கு அந்நிய மொழி சொல்லித்தரக் கூடாது. ராபர்ட் மேயர் ஒரு லூத்தரன் பள்ளி ஆசிரியர். 1920 மே மாதம் ஒருநாள் வகுப்பில் 10 வயதுப் பையன் ஒருவன் ஜெர்மன் மொழியில் பைபிள் கதை வாசித்துக்கொண்டிருந்தான். அரசு வழக்கறிஞர் உள்ளே வந்தார். மேயர் நிறுத்தவில்லை. 25 டாலர் அபராதம். அந்த 25 டாலர் வழக்கு 1923இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தபோது, சுதந்திரம் என்றால் சிறையில் அடைபடாமல் இருப்பது மட்டும் இல்லை, கல்யாணம் செய்துகொள்வது, குடும்பம் அமைப்பது, பிள்ளைகளை வளர்ப்பது, அறிவைத் தேடுவது, மனசாட்சிப்படி கடவுளைக் கும்பிடுவது எல்லாம் சேர்ந்ததுதான் என்று நீதிபதி மெக்ரேனல்ட்ஸ் எழுதினார். யூத நீதிபதிகளோடு முகம் கொடுத்துப் பேசாதவர் என்று பெயர் எடுத்த மனிதர் அவர். பிறகு வந்த தாராளத் தீர்ப்புகளில் பல அவர் வரிகளைத்தான் மேற்கோள் காட்டுகின்றன.

1937இல் காற்று திரும்பியது. எல்சி பாரிஷ் என்ற ஹோட்டல் பணிப்பெண் குறைந்தபட்சக் கூலி பாக்கி கேட்டுப் போட்ட வழக்கில், லாக்னர் காலத்துக்கு முடிவு கட்டினார்கள். தொழில், வியாபாரம் பற்றிய சட்டமா, அதைச் சட்டமன்றமே பார்த்துக்கொள்ளட்டும் என்றாயிற்று. அப்படியானால் நீதிமன்றத்துக்கு என்ன வேலை? அதற்கான பதில் மறுவருஷம், பாலில் கலப்படம் பற்றிய ஒரு சாதாரண வழக்கின் நான்காவது அடிக்குறிப்பில் வந்தது. எழுதிவைத்த உரிமைகளில் கைவைக்கும் சட்டம், தேர்தல் வழியையே அடைக்கும் சட்டம், ஓட்டுப் பலம் இல்லாத சிறுபான்மையைக் குறிவைக்கும் சட்டம், இவற்றை மட்டும் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கலாம் என்றார் நீதிபதி ஸ்டோன். இவ்வளவு தூரம் போன அடிக்குறிப்பு வேறு எதையும் எனக்குத் தெரியாது.

1942இல் ஓக்லஹோமாவிலிருந்து ஒரு கைதி வந்தார். கோழி திருடி ஒரு தடவை, ஆயுதத்தோடு வழிப்பறி செய்து இரண்டு தடவை தண்டனை பெற்றவர். மூன்று தடவை குற்றம் செய்தால் கருத்தடை அறுவை சிகிச்சை என்றது மாநிலச் சட்டம். ஆனால் அலுவலகப் பணத்தைக் கையாடியவனுக்கு விலக்கு! கோழித் திருட்டு ரத்தத்தில் வருமாம், கணக்கு மோசடி வராதாம். கல்யாணமும் பிள்ளைப்பேறும் மனிதனின் அடிப்படையான உரிமைகள் என்று சொல்லி அந்தச் சட்டத்தை அடித்தார்கள்.

இங்கிருந்து கதை இரண்டு தடத்தில் போகிறது. குழப்பம் பெரும்பாலும் இவற்றை ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதால்தான் வருகிறது.

ஒரு தடம், 1791 பட்டியலில் எழுதியிருக்கிற உரிமைகளை மாநிலங்களுக்கும் பொருத்துவது. இதை ஒரே நாளில் செய்துவிடவில்லை, ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார்கள். பேச்சுரிமை 1925இல் நுழைந்தது. ஒரே குற்றத்துக்கு இரண்டு தடவை விசாரிக்கக் கூடாது என்பது 1937இல் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டது. அது இல்லாவிட்டாலும் ஒழுங்கான சுதந்திரம் குலைந்துவிடாது என்றார் நீதிபதி கார்டோசோ. வழக்குப் போட்ட பால்கோ மறுவருஷம் மின்சார நாற்காலியில் செத்தார். அந்த உரிமை 1969இல்தான் உள்ளே வந்தது. அவருக்கு என்ன பயன்?

இந்தத் தடத்தில் எனக்குப் பிடித்தது கிடியன் வழக்கு. ஃப்ளோரிடாவில் ஒரு பூல் விளையாட்டுக் கடையில் நுழைந்து திருடியதாகக் கைதான கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன், 1961இல் கோர்ட்டில் எழுந்து வக்கீல் வேண்டும் என்றார். கொலை போன்ற மரண தண்டனை வழக்குக்குத்தான் தருவோம் என்றார் நீதிபதி. ‘எனக்கு வக்கீல் உண்டு என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது’ என்றார் கிடியன். உண்மையில் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. 1942இல் நேர் எதிராகத்தான் சொல்லியிருந்தது! ஐந்து வருஷம் தண்டனை. சிறைத் தாளில் பென்சிலால் எழுதி வாஷிங்டனுக்கு மனு அனுப்பினார். 1963இல் ஒன்பது நீதிபதிகளும் அவர் பக்கம். மறு விசாரணையில் வக்கீல் வந்தார், சாட்சியைக் குடைந்தார், ஜூரி விடுதலை சொன்னது. தப்பாகச் சொன்ன சட்டத்தை இரண்டு வருஷத்தில் சரியான சட்டமாக்கிய ஆள்.

இந்தத் தடம் இன்னும் முடியவில்லை. ஆயுதம் வைத்திருக்கும் உரிமை 2010இல்தான் மாநிலங்களுக்குப் பொருந்தியது. மிதமிஞ்சிய அபராதத்துக்கு எதிரான உரிமை 2019இல். அதிகபட்ச அபராதமே 10,000 டாலராக இருந்த குற்றத்துக்கு ஒருவரின் 42,000 டாலர் லேண்ட் ரோவரைப் பிடுங்கிக்கொண்டது இண்டியானா.

இரண்டாம் தடம்தான் நீங்கள் கேட்டது: எங்கேயுமே எழுதாத உரிமைகள். எழுதிவைத்தவை மட்டும்தான் உரிமை என்று நினைத்துவிடாதே என்று ஒன்பதாம் திருத்தமே எச்சரிக்கிறது. ஆனால் எழுதாதது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கனெக்டிகட் மாநிலத்தில் 1879இல் போட்ட சட்டம் ஒன்று, கணவன் மனைவிகூடக் கருத்தடைச் சாதனம் பயன்படுத்தக் கூடாது என்றது. 1961இல் எஸ்டெல் க்ரிஸ்வோல்டும் டாக்டர் பக்ஸ்டனும் வேண்டுமென்றே ஒரு மருத்துவமனை திறந்தார்கள், சில நாட்களில் கைதானார்கள், ஆளுக்கு 100 டாலர் அபராதம். 1965இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை அடித்தது. நீதிபதி டக்ளஸ் சொன்ன காரணம் கொஞ்சம் கவித்துவம்: எழுதிய உரிமைகள் ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு நிழல் வட்டம் உண்டு, அந்த நிழல்கள் சேரும் இடத்தில் அந்தரங்க உரிமை இருக்கிறது என்றார். லாக்னர் பேய் திரும்ப வந்துவிடுமோ என்று பயந்துதான் அவர் ‘சுதந்திரம்’ என்ற சொல்லைத் தொடாமல் இப்படிச் சுற்றிப் போனார் என்பேன். மறுப்பு எழுதிய ஹ்யூகோ பிளாக், எனக்கும் அந்தரங்கம் பிடிக்கும்தான், ஆனால் அரசியலமைப்பில் எந்த வரி தடுக்கிறது என்று காட்டுங்கள் என்றார்.

1967இல் லவிங் தம்பதியின் வழக்கு. வெள்ளைக்காரக் கணவர், வெள்ளையர் அல்லாத மனைவி. வாஷிங்டனில் கல்யாணம் செய்துகொண்டு வர்ஜீனியாவுக்குத் திரும்பினார்கள். நள்ளிரவில் ஷெரீஃப் படுக்கையறைக்குள் வந்து நின்றார். சுவரில் கல்யாணச் சான்றிதழ் மாட்டியிருந்தது. இங்கே அது செல்லாது என்றார். ஒரு வருஷச் சிறை, 25 வருஷம் மாநிலத்தை விட்டு வெளியேறினால் அதுவும் நிறுத்திவைப்பு. தீர்ப்பு வந்தபோது 16 மாநிலங்களில் இப்படி இனம் கடந்த கல்யாணத்தைத் தடுக்கும் சட்டம் இருந்தது. ஒன்பது நீதிபதிகளும் சேர்ந்து ஒழித்தார்கள், கல்யாண உரிமைக்கு முத்திரை விழுந்தது.

1977இல் வந்த மூர் வழக்கை நம் வாசகர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். ஓஹயோவில் ஒரு பாட்டி. வீட்டில் மகன், அவன் பிள்ளை, இன்னொரு மகனின் பிள்ளை. இரண்டாவது பேரன் தாய் செத்துப்போய்க் கைக்குழந்தையாகப் பாட்டியிடம் வந்தவன். இரண்டு பேரன்களும் கூடப்பிறந்தவர்கள் இல்லை, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள், ஆகவே இது ‘ஒரு குடும்பம்’ இல்லை என்றது நகராட்சி. பேரனை அனுப்பு என்றார்கள், பாட்டி முடியாது என்றார். 25 டாலர் அபராதம், ஐந்து நாள் சிறை. உச்ச நீதிமன்றத்தில் பாட்டி ஜெயித்தார், ஆனால் 5க்கு 4. நான்கு நீதிபதிகளுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

எது முத்திரை பெறவில்லை என்பதும் முக்கியம். கருக்கலைப்பு உரிமைக்கு முத்திரை விழுந்த அதே 1973இல், கல்விக்கு விழவில்லை. டெக்சாஸில் எட்ஜ்வுட் என்ற ஏழைப் பகுதியில் ஒரு மாணவருக்குப் பள்ளிச் செலவு 356 டாலர், அதே சான் அன்டோனியோவின் பணக்காரப் பகுதியில் 594 டாலர். கல்வி அரசியலமைப்பில் இல்லை என்று 5க்கு 4இல் கைவிரித்தார்கள். 1989இல் இன்னொரு கசப்பு: அப்பா அடிக்கிறார் என்று தெரிந்தும் சமூக நலத்துறை சும்மா இருக்க, ஒரு சிறுவனின் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. அரசு தானாகப் பறித்தால்தான் உரிமை மீறல், காப்பாற்றாமல் இருந்தால் இல்லை என்றார்கள்.

இப்போது உங்கள் 2015க்கும் 2022க்கும் வருவோம். நீதிமன்றத்தில் இரண்டு அளவுகோல் இருக்கிறது. ஒன்று 1997இல் நீதிபதி ரென்க்விஸ்ட் எடுத்து வைத்தது: இந்த நாட்டின் வரலாற்றிலும் மரபிலும் ஆழ வேரூன்றிய உரிமையா, அதையும் மிகக் குறுகலாக விவரித்துக் கேள். இன்னொன்று நீதிபதி கென்னடியுடையது: வரலாறு வழிகாட்டும், ஆனால் எல்லைக்கோடு போடாது, ஒவ்வொரு தலைமுறையும் சுதந்திரத்தைப் புதிதாகப் புரிந்துகொள்ளலாம். ‘ஒரே பாலினத்தவர் கல்யாணம் மரபில் இருந்ததா?’ என்று கேட்டால் இல்லை. ‘கல்யாணம் மரபில் இருந்ததா?’ என்றால் இருந்தது. கேள்வியை எவ்வளவு அகலமாகக் கேட்கிறோம் என்பதிலேயே பதில் முடிந்துவிடுகிறது. 2015இல் கென்னடியின் அளவுகோல் 5க்கு 4இல் ஜெயித்தது. 2022இல் டாப்ஸ் வழக்கில் நீதிபதி அலிட்டோ ரென்க்விஸ்டின் பழைய அளவுகோலை எடுத்து, 49 வருஷம் இருந்த கருக்கலைப்பு உரிமையை நீக்கினார். அரசியலமைப்பில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆட்கள் மாறினார்கள். என்றாலும் ‘அரசியல்தான் எல்லாம்’ என்று முடித்துவிடவும் மாட்டேன். கொல்லைப்புறமாகக் கொண்டுவந்த உரிமைக்குப் பத்திரம் காட்டச் சொன்னால் திணறத்தான் வேண்டியிருக்கும். 1873இன் விலை அது.

டாப்ஸில் நீதிபதி தாமஸ் தனியாக எழுதி, கருத்தடை, ஒரே பாலின உறவு, ஒரே பாலினக் கல்யாணம் பற்றிய தீர்ப்புகளையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றார். அதைக் கேட்டுப் பதறித்தான் அந்த டிசம்பரில் காங்கிரஸ் கல்யாணத்துக்கு ஒரு சட்டப் பாதுகாப்பும் போட்டுவைத்தது. அதே தாமஸ்தான், பூட்டிய முன்வாசலைத் திறக்க வேண்டும் என்று 2010இலிருந்து சொல்லிவருபவர். திறந்தால் எந்த உரிமைகள் உள்ளே வரும் என்பதில் அவருக்கும் மற்றவர்களுக்கும் ஒத்துப்போகாது, அது வேறு.

இடையில் ஒன்று. இந்த அமெரிக்கத் தலைவலியைப் பார்த்துத்தான் நம் பக்கம் அந்தச் சொற்றொடரையே தவிர்த்தார்கள். அரசியலமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா போய் நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தபோது, ‘உரிய சட்ட நடைமுறை’ வேண்டாம் என்பது அவர் அறிவுரை. நம் 21ஆம் பிரிவில் ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’ என்று வந்தது. அதன் முதல் பெரிய சோதனை, மெட்ராஸ் அரசு தடுப்புக்காவலில் வைத்த ஏ.கே. கோபாலன் வழக்கு, 1950. அவர் தோற்றார். 1978இல் மேனகா காந்தி வழக்கில் அந்தக் கதவு வேறு வழியாகத் திறந்துகொண்டது. அது தனிக் கதை.

தீர்ப்புகளையே படித்துப் பார்க்க ஆசை இருந்தால் க்ரிஸ்வோல்டில் தொடங்குங்கள். ஒரே முடிவுக்கு நீதிபதிகள் நான்கு வெவ்வேறு வழியில் வந்து சேர்வதை அதில் பார்க்கலாம். பிளாக்கின் மறுப்பை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். அதை முடித்த கையோடு டாப்ஸை எடுங்கள். இரண்டுக்கும் நடுவே 57 வருஷம் இருப்பதாகவே தோன்றாது.